வாசலில் அழுதவள்

1955 நவம்பர் 8. சென்னை – போர்ட் பிளேர். பெரியவர் இருவர், கைக்குழந்தை ஒன்று. ரூ. 84.
1959 மே 21. போர்ட் பிளேர் – சென்னை. பெரியவர் இருவர், அரை டிக்கெட் ஒன்று. ரூ. 110.
1959 ஜூன் 30. சென்னை – போர்ட் பிளேர். பெரியவர் இருவர். ரூ. 88.
1964 ஏப்ரல் 17. போர்ட் பிளேர் – சென்னை. ஒருவர். ரூ. 52.
1964 ஜூன் 2. சென்னை – போர்ட் பிளேர். ஒருவர், அரை டிக்கெட் ஒன்று. ரூ. 78. அரை டிக்கெட் பயன்படவில்லை.

1959இல் கப்பலில் போன மூவரில் திரும்பி வராதவள் அலமு. நான்கு வயது. போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை மலேரியா கண்டு, பிள்ளை ஈர்க்குச்சியாக இளைத்துவிட்டாள். மர ஆலையில் கணக்கராக இருந்த சண்முகம், புதுக்கோட்டையில் தனியாக இருந்த தன் அக்கா விசாலாட்சியிடம் மகளை விட்டுவைக்க முடிவு செய்தார். பெற்றவள் செல்லம், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள், கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அதற்கு மேல் அவள் ஊரில் வழக்கமில்லை.

தீவுக்குத் திரும்பிய மறுநாள் அடுத்த நிலத்துக்காரி சாருபாலா வந்தாள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவள். வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லாததைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் செல்லத்தை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். செல்லம் கைகளைத் தொங்கவிட்டு, நட்ட கம்பம் மாதிரி நின்றாள்.

“தீதி, ஹமாரா முலுக்மே ஆத்மி மர்தா, தப் ஐசா பகட்தா,” என்றாள், தெரிந்த இந்தியில். எங்கள் ஊரில் யாராவது செத்தால்தான் இப்படிப் பிடிப்பார்கள்.

சாருபாலா சிரித்துவிட்டாள். “பாப்ரே! முர்தா கா வாஸ்தே இத்னா, ஜிந்தா கா வாஸ்தே குச் நஹீ?” செத்தவனுக்கு இவ்வளவு, உயிரோடு இருக்கிறவனுக்கு ஒன்றுமில்லையா?

அடுத்த ஐந்து வருடங்களில் விடுப்பும் பணமும் கப்பலில் இடமும் ஒருசேர அமையவே இல்லை. இடையில் ஒரு கரு தங்காமல் போனது. அன்று விடிய விடியப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் சாருபாலாதான். துர்கா பூஜை முடிந்தால் ஓர் அணைப்பு, அறுப்பு முடிந்தால் ஓர் அணைப்பு, நாலு நாள் பார்க்காமல் சந்தையில் பார்த்தால் அதற்கும் ஒன்று. செல்லத்தின் கைகள் எப்போது தாமாக எழப் பழகின என்று அவளுக்கே தெரியாது.

1964இல் தீவில் மலேரியா குறைந்திருந்தது. மகளை அழைத்துவர செல்லம் கிளம்பினாள். சண்முகத்துக்கு விடுப்பு கிடைக்காததால் தனியாகவே போனாள். சென்னையில் இறங்கியதும், திரும்புவதற்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினாள். மறுநாள் மத்தியானம் புதுக்கோட்டை வீட்டின் முன் குதிரைவண்டி நின்றது. ஒன்பது வயது அலமு வாசற்படியில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். செல்லம் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, மகளைச் சேர்த்தணைத்து, அவள் கழுத்தில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.

தெரு பார்த்தது. தீவிலிருந்து ஒருத்தி புருஷன் இல்லாமல் வந்து இறங்குகிறாள். வந்ததும் வராததுமாக மகளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. எதிர்வீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். “அய்யோ சண்முகம், போயிட்டியாப்பா! கடலுக்கு அந்தாண்டயே போயிட்டியா!” உள்ளேயிருந்து வந்த விசாலாட்சி அதைக் கேட்டு நிலைப்படியில் சாய்ந்தாள். பெண்கள் கூடிவிட்டார்கள். ஒப்பாரி எழுந்தது. “இல்லீங்க, அவுக நல்லாருக்காக!” என்று செல்லம் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் ஒருத்தி அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, “ஏண்டி, பொட்டு இருக்கேடி!” என்றாள்.

அதற்குள் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கால் மணி நேரமும் அலமுவுக்கு அப்பா இல்லை.

“உசுரோட இருக்கவனுக்கு எழவு கூட்டிட்டியே செல்லம்,” என்றாள் விசாலாட்சி, தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு. “எந்த ஊருப் பழக்கம் இது?”

“பிள்ளையப் பாத்த சந்தோசம் அண்ணி.”

“சந்தோசம்னா சிரிக்கணும். அங்க சந்தோசத்துக்கும் அழுவாகளோ?”

ஆறு வாரம் இருந்தாள். தாய் கையைத் தூக்கினாலே அலமு அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டாள். தலை பின்னிக்கொள்ளவும் வரவில்லை. கிளம்பும் நாள் செல்லம் எட்டி நின்றே கேட்டாள்.

“அம்மாகூட கப்பல்ல வர்றியா கண்ணு?”

“நீ கட்டிப்புடிக்க மாட்டியே?”

“மாட்டேன்.”

அலமு அவள் முகத்தையே பார்த்தாள். “பொய்யி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு 1968இல் ஒரு முறை போனாள். இருந்த நாள் முழுக்கக் கைகளை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். 1973இல் அலமுவின் கல்யாணம். கூட்டத்தோடு நின்று அட்சதை போட்டாள். ஊர் போய்த் திரும்பும்போதெல்லாம் சாருபாலா கேட்பது ஒன்றுதான்: “பேட்டிகோ பகடா?” மகளைப் பிடித்தாயா? “நஹீ தீதி.” அதன் பிறகு இருவரும் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

கல்யாணத்துக்கு மறு வருடம் சண்முகம் ஓய்வு பெற இருந்தார். செல்லத்துக்கு உடம்பில் தெம்பு இல்லை, முழங்கால் போய்விட்டது. மகளோடு வந்து இருக்கலாமா என்று கேட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையாலேயே கடிதம் எழுதினாள். பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. சண்முகம் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

“அத்தையும் எங்களோடு இருப்பதால் வீட்டில் இடம் போதாது. அடுத்த தெருவில் இரண்டு அறை உள்ள வீடு பார்த்திருக்கிறோம். துறைமுகத்துக்கு இவர் வருவார். நான் வீட்டில் இருப்பேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை அம்மா. பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.”

“அடுத்த தெருன்னு எழுதியிருக்கா,” என்றார் சண்முகம்.

“நடக்குற தூரந்தானே.” செல்லம் முழங்காலை நீவிக்கொண்டாள். “அந்த வீட்டையே பேசி முடிக்கச் சொல்லி எழுதுங்க.”

புரோத்ராபூர் முகவரிக்கு அலமு எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். வந்து சேர்ந்த நாள் 1974 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை.