விளக்கக் கடிதத்தின் கடைசிப் பத்தி

எழுபதுகளின் பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஓர் அரிசிக் கடையின் மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். ஏழு மிஷின்கள் இருந்தன. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். நடுப்பகலில் வருகிறவர்களுக்குக் கடிதம் அடித்துத் தருவேன். அவர்களில் பாதிப் பேர் புதிதாக எழும்பிய ஆலைகளில் வேலை செய்தவர்கள். சில வருடங்களுக்கு முன்புவரை பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஆலை அவர்களிடம் தாளில்தான் பேசும், அதுவும் ஆங்கிலத்தில். பதிலும் ஆங்கிலத்தில், தாளில்தான் போக வேண்டும்.

என் மேஜை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருந்தது. எனக்கு முன் அங்கே இருந்தவர் விட்டுப்போனது. அதில் முழுக் கடிதம் ஒன்றுகூடக் கிடையாது, தொடக்கங்கள் மட்டும்தான். ஐ பெக் டு ஸ்டேட் தட். ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் தட். ஐ வென்ச்சர் டு ஹோப் தட். கெஞ்சிச் சொல்வது, வருந்தித் தெரிவிப்பது, துணிந்து நம்புவது. இவற்றில் ஒன்றை அடித்து, அந்தத் ‘தட்’டுக்குப் பிறகு விஷயத்தை வைக்க வேண்டும். தமிழ் மனுவில் நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, ‘என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று குனிவோம். இங்கே குனிந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். பின்னாளில் பத்திரிகை மேஜையில் உட்கார்ந்து, வந்து குவியும் அறிக்கைகளில் இந்த முன்வாசல் வினைகளை வெட்டுவதே என் பிழைப்பானது. அன்று அதையெல்லாம் யோசிக்கவில்லை. விரல் வேகமாக ஓடியது, அவ்வளவுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் முடிப்பதற்கான வரிகள் இருந்தன. அதில் ஒன்றை மெமோவுக்குப் பதில் எழுதும் எல்லோருக்கும் போடுவேன். ‘இதுபோல் இனி நடக்காது என்று உறுதியளிக்கவும், மன்னிக்க வேண்டும் என்று வேண்டவும் அனுமதிக்கக் கோருகிறேன்.’ தாமதமாக வந்தவன், சொல்லாமல் லீவு போட்டவன், மேஸ்திரியை எதிர்த்துப் பேசியவன் எல்லோருக்கும் அதே வரிதான். அதைப் போட்டால் மெமோ கோப்புக்குள் போய்விடும். ஆலையில் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். பெஞ்சில் காத்திருப்பவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“லெட்டர்ல கால்ல உழுந்தா முட்டி தேயாது, மாமே.”

“உனுக்கு இது எத்தினியாவது தபா?”

“கணக்கா? டீச்சராண்ட கேளு.”

ஒருவர் மட்டும் அந்தச் சிரிப்பில் சேராதவர். கம்பி உருட்டும் ஆலையில் செயின் பிளாக்கில், அதாவது சங்கிலிக் கப்பியில், பாரம் தூக்குகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய பேட்டையில் இருந்து ஆலையில் நிரந்தரத் தொழிலாளிக்கான டிக்கெட் எண் வாங்கிய முதல் ஆள் என்பதால் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரு திங்கட்கிழமை பகலில் மனைவியுடன் மாடி ஏறி வந்தார். கையில் மெமோ. இரும்புக் கட்டு தூக்கும்போது கொக்கி உடைந்து விழுந்திருக்கிறது. கீழே இருந்த மோட்டார் நசுங்கிவிட்டது. ஆள் யாருக்கும் அடியில்லை. அவருடைய கவனக்குறைவுதான் காரணம், ஏன் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். இதுதான் மெமோ.

படித்துச் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை.

“கொக்கில வெடிப்பு இருக்குதுன்னு சூப்பர்வைசராண்ட ரெண்டு வாட்டி சொல்லிக்கிறேன் டீச்சர். ‘இன்னைக்கு ஓட்டு, நாளைக்கு மாத்தலாம்’னாரு. அத்த அப்டியே எழுது. நான் செய்யல. அது மட்டும் நல்லா எழுது.”

அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினேன். எந்த நாள், எந்த ஷிஃப்ட், பக்கத்தில் நின்றவர் யார், எல்லாம் இருந்தது. இன்றைக்கும் சொல்வேன், அந்த மூன்று பத்திகள் நன்றாக வந்திருந்தன. நான்காவது பத்திக்கு விரல் தானாகப் போனது. நோட்டைக்கூடத் திறக்கவில்லை.

அவர் மனைவி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

“கீழ தனியா நாலு வரி கீதே, அது இன்னா?” என்றாள்.

“அது ஒண்ணுமில்ல. மரியாதைக்குப் போடுறது.”

“மரியாதன்னா போடட்டும்” என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக.

பத்து நாள் கழித்து விசாரணை நடந்தது. நடந்ததை அவரே மனைவியுடன் வந்து சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசரும் சூப்பர்வைசரும் இருந்தார்கள். முதல் மூன்று பத்திகளை யாரும் படிக்கவில்லை. ஆபீசர் நான்காவதைப் படித்து, தமிழில் அவரிடம் கேட்டார். “இனி நடக்காதுன்னு எழுதியிருக்க. மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்க. தப்பே செய்யாதவன் எதுக்கு மன்னிப்பு கேட்டான்?” அப்படி எழுதியிருப்பதே இவருக்கு அப்போதுதான் தெரியும்.

“நீ தான எழுதுன டீச்சர்?”

“ஆமா.”

“நான் சொன்னனா?”

“சொல்லல.”

அவர் திட்டவில்லை. மனைவிதான் பேசினாள். “எங்கூட்ல அடுப்பு எரியறது அந்த ஒரு டிக்கெட்டால. மரியாதன்னியே, யாருக்கு மரியாத?”

அந்த வாரமே நீக்கக் கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்லவும் அவர்களுக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. வருந்தித் தெரிவிக்கிறோம் என்று தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரே வரிதான்.

மறுநாள் பள்ளி முதலாளியிடம், ஆலைக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அந்தப் பத்தி என்னுடையது, அவர் சொல்லாதது, அவருக்கு நான் படித்துக் காட்டவும் இல்லை என்று எழுதப்போவதாகச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆளு சொல்லாதத நாம எழுதுறோம்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு இந்த மாடிப்படி யாரு ஏறுவா?” என்றார். அவர் கேட்டது சரிதான். ஆனாலும் எழுதினேன். கெஞ்சலும் வருத்தமும் இல்லாமல், நடந்ததை நேராக, ஆறு வரிகளில். என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் செய்தி என்று அதைச் சொல்லலாம்.

நானும் அந்தக் கணவன் மனைவியும் ஆலை கேட்டுக்குப் போனோம். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு பர்சனல் ஆபீசர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“அடிச்சது நீங்க. கையெழுத்து அவர்து. தெரியாத பாஷைன்னா தெரிஞ்சவங்களக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கணும்.”

“கேட்டாங்க சார். என்னத்தான் கேட்டாங்க.”

அவர் கடிதத்தை ஒரு கோப்பில் வைத்தார். “மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பிப் பாக்கிறேன்” என்றார். நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே கணவருடன் நின்றிருந்தவள் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, “வேல வந்துரும்ல?” என்றாள். வந்துவிடும் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் தினமும் அவள் மாடி ஏறி வந்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். தபால்காரர் வந்துபோனதும் எழுந்துவிடுவாள். அவள் உட்கார்ந்திருக்கும்போது பெஞ்சில் யாரும் சிரிப்பதில்லை. பிறகு கடிதம் எழுத வருகிறவர்களே குறைந்தார்கள். மெட்ராஸிலிருந்து பதில் வந்தபோது அவளுக்கு அதைப் பிரித்துப் படித்து, தமிழில் சொன்னேன். விசாரணை முடிந்தது, மறுபடி திறக்க முகாந்திரம் இல்லை. ‘முகாந்திரம்’ என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு, ஒரு காலையில் அவரை ரயில் நிலையத்தில் பார்த்தேன். மெட்ராஸ் பக்கமிருந்து வந்த வண்டியில் இறங்கிய கூட்டத்தோடு ஆலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பழைய நீலச் சட்டைதான், பையில் டிக்கெட் எண் தைத்திருந்த இடத்தில் நூல் மட்டும் இருந்தது. வேகமாக நடந்து அவரை எட்டினேன்.

“திரும்ப எடுத்துக்கிட்டாங்களா அண்ணா?”

“எடுத்துக்கினாங்க. கண்ட்ராக்டர் ஆளா.” நடையை நிறுத்தாமலே சொன்னார். “அதே ஷெட்டு. அதே செயினு. பின்பக்க கேட்டு.”

“கொக்கி மாத்துனாங்களா?”

“மாத்தல. கம்பி சுத்தி வச்சிக்கிறானுங்க.”

கூடவே சில அடிகள் நடந்தேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. மறுபடி மெமோ ஏதும் வந்தால் கையெழுத்துப் போடாமல் என்னிடம் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை.

“கண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு மெமோல்லாம் தர மாட்டாங்க டீச்சர். நாளைக்கு வராதன்னா வரக் கூடாது. நீ போ, உனுக்கு லேட்டாவுது.”