நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

உடுமலைப்பேட்டை ஆறுச்சாமி மதன்குமார். பிறப்பு 1970, இறப்பு 2014. தென்னந்தோப்புக்காரரின் ஒரே மகன். இயந்திரவியலில் பட்டம் பெற்றபின், 1993இல் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில், பொறியியலையும் கணினியியலையும் இணைத்து அப்போதுதான் தொடங்கியிருந்த எம்.ஈ. படிப்பில் சேர்ந்தார். அந்தப் பட்டம் கைக்கு வந்ததும் தம் மகள் லோகப்பிரியாவையும் தொழிற்சாலையில் ஒரு பங்கையும் தருவதாகப் பெருந்துறை மோட்டார்க் கம்பெனி முதலாளி தம்பிதுரை வாக்களித்திருந்தார். படிப்பின்மீது மதன்குமாருக்கு இருந்த பற்று அவ்வளவே.

இரு துறைப் படிப்பின் சௌகரியத்தை அவர் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். இயந்திரவியல் கட்டடத்தில் கணினியைப் பற்றிப் பேசினார். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டிய குளிரூட்டிய கணினி அறையில் பம்பைப் பற்றிப் பேசினார். எங்கும் மேதையாகத் தோன்ற இதைவிட மலிவான வழி ஏது?

பம்புக்குள் சுழலும் இறக்கைகளின் வளைவைக் கணினியைக் கொண்டு செம்மைப்படுத்துவது அவருடைய ஆய்வு. பம்புக்கு வழிகாட்டி அரங்கசாமி, கணினிக்குப் புவனா. இருவரும் மரியாதையில் ஊறியவர்கள். அடுத்தவர் துறையில் தலையிடுவது அழகல்ல என்று ஆளுக்குப் பாதி படித்துக் கையெழுத்திட்டார்கள். இரண்டும் சந்திக்கும் கடைசி அத்தியாயத்தை, "சார் பாத்துட்டாருங்க" என்று புவனாவிடமும், "மேடம் பாத்துட்டாங்க" என்று அரங்கசாமியிடமும் சொல்லி மதன்குமார் தப்பவைத்துவிட்டார்.

1995 ஜூனில் நடந்த வாய்மொழித் தேர்வில்தான் அது பிறர் கண்ணில் பட்டது. புதிய இறக்கையால் பம்பின் திறன் நூற்றுப் பன்னிரண்டு சதவீதம் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது.

"ஏனுங்க மதன், குடுக்கற கரண்டைவிட அதிகமா வேலை செய்யுதுங்களா உங்க பம்பு? மிச்சத்தை ஈ.பி.க்கே வித்துப்போடலாமுங்களே!" என்றார் அரங்கசாமி.

"அது கம்ப்யூட்டர் சொன்னதுங்க சார். மேடத்தைத்தானுங்க கேக்கோணும்."

புவனா பக்கத்தைப் புரட்டினார். "கோணத்தை டிகிரியிலயே குடுத்திருக்கீங்க. கம்ப்யூட்டர் அதை ரேடியன்னு எடுத்துக்கும், மாத்திக் குடுக்கோணும்னு முதல் செமஸ்டர்லயே சொன்னனுங்களே?"

"கோணமெல்லாம் பம்பு சமாச்சாரமுங்க மேடம். அது சாரு..."

பேராசிரியர்கள் இருவரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பாருங்க," என்றார் அரங்கசாமி. "திறன் கூடலீன்னாலும் பரவாயில்லீங்க. வர்றதை உள்ளபடி எழுதுங்க, பட்டம் உண்டு."

ஒரு பிற்பகல் வேலை அது. ஆனால் திருத்தினால், இரண்டு கட்டடங்களிலும் தாம் ஒன்றும் அறியாதவர் என்பது உறுதிப்பட்டுவிடும் என்று மதன்குமார் கருதினார். தம் வாழ்நாளில் அவர் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றே. எனவே ஊருக்குப் போய், இரு துறைகளின் பகைக்குத் தாம் பலியானதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் தம்பிதுரை, கல்லூரியில் விசாரித்துவிட்டு, மகளோடு தோப்புக்கு வந்தார்.

"அந்த ஒரு வரி என்னாச்சுங்க?" என்று லோகப்பிரியா கேட்டார்.

"திருத்துனா நாம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க அம்மணி."

லோகப்பிரியா எழுந்துவிட்டார். "வாங்கப்பா போலாம். நம்ம மோட்டார் ஓடலீன்னு யாராச்சும் வந்தா, உங்கூட்டுக் கரண்டுதான் தப்புன்னு சொல்லி அனுப்பிப்போடுவாருங்க இவரு."

தம்பிதுரை இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு மகளின் பின்னே நடந்தார். கல்யாணமும் போயிற்று, பங்கும் போயிற்று.

அதற்குப் பின்னும் பத்தொன்பது ஆண்டுகள், தோப்பில் தேங்காய் விழுவதைப் பார்த்துக்கொண்டு மதன்குமார் உயிரோடு இருந்தார். அவர் கடைசியாகச் செய்த காரியம், உடுமலைப்பேட்டை அச்சகத்தில் தம் பெயருக்குப் பின்னால் 'எம்.ஈ. (இரு துறை)' என்று போட்டு விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தது: 1995 நவம்பர் 9.