கலர் பார்த்து வாங்கிய மீன்கள்

என் கணவரின் அண்ணனுக்கு மனை வாங்கி விற்றுக்கொடுக்கிற தொழில். படப்பையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் குடும்பம், மாடியில் நாங்கள். பின்பக்கம் வரிசையாக வாடகை அறைகள். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் தங்குகிறார்கள். வேறொரு தரகரின் ஆபீசில் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அதைவிடப் பெரிதாக ஒன்று தன் ஹாலில் வந்து உட்காரும்வரை தூக்கம் பிடிக்கவில்லை.

நான் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருந்தவரை மீன் வளர்த்தவள். அதனால் கொளத்தூருக்கு மீன் வாங்கக் கிளம்பியபோது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். யோசனை கேட்கத்தான் என்று நினைத்தேன். திரும்பும்போது மீன் பைகளை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடையில் அவர் கலர் பார்த்து விரலை நீட்டிக்கொண்டே போனார். நீலமும் சிவப்புமாக மின்னுகிற நியான், ஊசி நீளம்கூட இல்லாதது. பக்கத்திலேயே உள்ளங்கை அகல ஏஞ்சல். வால் தொங்கும் கோல்டு ஃபிஷ். கூடவே, தொங்குகிற வால் எதைக் கண்டாலும் கடித்து இழுக்கிற டைகர் பார்ப். இவை ஒன்றாக இருக்காது, எங்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீருக்கு மோலி, பிளாட்டி வகை மீன்கள்தான் தாங்கும் என்று சொன்னேன்.

"இன்னாம்மா, மீனுக்குள்ள கூட ஜாதி பாக்குற?" என்றார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரம்தான் அறை கேட்டு வந்த இரண்டு பையன்களிடம் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, குலதெய்வத்தையும் கேட்டுவிட்டு, அறை காலி இல்லை என்று அனுப்பியிருந்தார். மாடிப்படியில் துணி உலர்த்திக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறை பூட்டியேதான் கிடந்தது.

"ஜாதி இல்ல மாமா, வாய். வாய்க்குள்ள போற சைசுல இருந்தா தின்னுடும்" என்றேன்.

ஏரியில் எல்லா மீனும் ஒன்றாகத்தானே இருக்கிறது, அங்கே யார் பிரித்து வைத்தார்கள் என்று கேட்டார். கடைக்காரருக்கு உண்மை தெரியாமல் இல்லை. தன் கடையில் ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில் வைத்திருந்தவர், பழகிக்கொள்ளும் சார் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பையில் கட்டினார். இவருக்கு அவர் பொருத்தம்தான்.

முதலில் நியான்கள் குறைந்தன. எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லாததால், செடிக்குள் ஒளிந்திருக்கும் என்றார். ஏஞ்சல்களின் வயிறு புடைத்திருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. பிறகு கோல்டு ஃபிஷ்களின் வால் கந்தலானது. இவர் வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் கைநிறையத் தீனி அள்ளிப் போட்டதில் தண்ணீர் பாலாகக் கலங்கி, கோல்டு ஃபிஷ்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. பின்பக்கத்து அறைக்காரர்களின் கண் பட்டுவிட்டது என்று கண்டுபிடித்துத் தொட்டியில் எலுமிச்சை, மிளகாய் கட்டித் தொங்கவிட்டார். அதோடு, அவர்கள் இனி ஹால் பக்கம் வரக் கூடாது, வாடகையை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இது என்ன நியாயம் என்று அண்ணனிடம் கேட்கும்படி என் கணவரிடம் சொன்னேன். "அண்ணங்கிட்ட யாரு பேசறது" என்று போனைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஃபேக்டரியில் ஓடுகிற ஒரு உற்பத்தி லைனையே நிறுத்த அதிகாரம் உள்ளவர் என் கணவர்.

அடுத்து யாரோ வாஸ்துவுக்கு ஃபிளவர்ஹார்ன் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். தலையில் முண்டு எழும்பிய சிவப்பு மீன் அது. அதைப் பையோடு கொண்டு வந்தவர், மிச்சம் இருந்த ஏஞ்சலையும் பார்ப்பையும் ஏரியில் கொட்டிவிட்டு வரும்படி என் கணவரிடம் வாளியை நீட்டினார். அவரும் கையில் வாங்கிக்கொண்டார். நான் அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஏஞ்சல்கள், கம்பெனியில் என்னோடு குவாலிட்டி பார்க்கும் பிரிவில் வேலை செய்யும் தோழியின் வீட்டுத் தொட்டிக்குப் போயின. பார்ப்களை நான் வைத்துக்கொண்டேன். தம் கூட்டத்தோடு மட்டும் இருக்கும்போது அவை ஒன்றையொன்று துரத்தி விளையாடுவதோடு சரி.

இப்போது கீழே அந்த ஃபிளவர்ஹார்ன் மட்டும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் அவர், "இது ஒசந்த ரகம். வேற எது கூடயும் சேராது" என்கிறார். கடையில் நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர் மேல் மதிப்பு இருந்தால்தானே கேட்க.

போன ஞாயிற்றுக்கிழமை, மனை பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால், மீன் தன்னிடம் எவ்வளவு பழகிவிட்டது என்று காட்டத் தண்ணீரில் விரலை விட்டார். அது நறுக்கென்று கடித்தது. "ஐயோ" என்று கையை உதறியதில் வந்திருந்த அம்மாவின் பட்டுப்புடவை நனைந்தது. அவர்கள் மனையைப் பார்க்காமலேயே கிளம்பினார்கள். என் ஓரகத்தி மஞ்சள்தூள் எடுக்க ஓடினாள். நான் அந்த மீனுக்கு இரண்டு தீனி உருண்டை போட்டுவிட்டு மேலே வந்தேன்.