சமையலறை ஜன்னலில் மட்டும் 3ஜி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் வீட்டில் இல்லை. ஒரு வாடகைக் காரின் பின்சீட்டில், மடியில் லேப்டாப்பும் கையில் ஃபோனுமாக ஜார்ஜ்டவுனைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது இதுதான்.

பினாங்கில் பழைய 2ஜி டவர்களில் 3ஜி கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. டவர் என்றதும் வானம் தொடும் இரும்புக் கம்பத்தை நினைக்க வேண்டாம். ஊருக்குள் பாதிக்கு மேல் கடைவீட்டு மொட்டைமாடியிலும் ஹோட்டல் கூரையிலும்தான் ஒளிந்திருந்தன. பொருத்துகிறவர்கள் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெருத்தெருவாகக் காரில் போய்ப் பார்ப்பது என் வேலை. டிரைவ் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். அம்மா வைத்திருந்த பெயர் ஊர் சுத்துற வேலை.

எனக்கோ அந்த வேலை என்றால் உயிர். எந்தச் சந்துக்குள் எந்த டவரின் சிக்னல் வரும், எந்தக் கோயில் வாசலில் மெலியும், எந்த நாசி கண்டார் சோற்றுக்கடை முன்னால் திடீரென்று முழுதாக எடுக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு யாருக்கும் தெரியாத ஒரு ஊரில் நான் மட்டும் குடியிருப்பதாக ஒரு திமிர்கூட இருந்தது.

3ஜியின் பெருமையே வீடியோ கால்தான். 2ஜியில் அது கிடையாது. ஆகவே சோதனையும் அதை வைத்துத்தான். வகுத்துக் கொடுத்த பாதையை ஒரு முழுச் சுற்று வரும்வரை, சுமார் அரை மணி நேரம், ஒரே வீடியோ அழைப்பு அறுபடாமல் நிற்க வேண்டும். வழியில் எங்கேயாவது ஃபோன் 2ஜிக்கு இறங்கிவிட்டால் அவ்வளவுதான், அழைப்பு போய்விடும். அந்தப் பாதையில் நான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில், சூலியா தெருவிலிருந்து ஒரு குறுக்குத் தெருவுக்குள் திரும்பும் மூலையில். மூன்றாவது முறையும் அறுந்தால் பாதையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டு உன்னை ஆபீஸில் உட்காரவைத்து ரிப்போர்ட் டைப் அடிக்கச் சொல்வேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஓடுகிற காரில் இருக்கும் அழைப்பை ஒரு டவர் அடுத்த டவரிடம் ஒப்படைக்க வேண்டுமானால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அந்த மூலைக்கு வேண்டிய டவர் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாயிற்று என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் தகவல் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டெஸ்ட்.

அதே சனிக்கிழமை அதே மூன்று மணிக்குத்தான் அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவருக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்ட் வேலை, அன்றைக்கு விட்டால் அடுத்த லீவு எப்போது என்று தெரியாது. இரண்டையும் மாற்ற முடியாது.

"நீ இல்லாம அவங்க வந்து எதைப் பாக்குறது, உன் கட்டிலையா?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. ஃபோட்டோவில் ஆள் பார்க்க நன்றாக இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காது மட்டும் கொஞ்சம் பெரிது.

வீடியோ காலுக்கு இரண்டு முனை வேண்டும். மறுமுனையில் வழக்கமாக ஃபோனோடு உட்காரும் சக ஊழியர் அன்று லீவு. எனக்கு அந்த விபரீத யோசனை அப்போதுதான் வந்தது. இரண்டாவது ஃபோனை வீட்டில் கொடுத்துவிட்டால் டெஸ்டும் நடக்கும், பெண் பார்ப்பதும் நடக்கும். எங்கள் ஃப்ளாட்டில் 3ஜி நம்பிக்கையாக எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று, கண்ணாடிப் பட்டைகள் வைத்த சமையலறை லூவர் ஜன்னலின் மேல் மூலை. அம்மாவுக்கு எட்டாது. அப்பாவுக்குக் கை நடுக்கம். வரப்போகிறவர்களில் உயரமானவர் மாப்பிள்ளைதான் என்று தரகர் சொன்னார், அவர் மூலமாகவே கேட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டேன்.

காரில் எங்களோடு நெட்வொர்க் கம்பெனி சார்பில் ஒரு மலாய்க்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் காக் என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. மறுமுனையில் யார் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, அழைப்பு அறாமல் இருந்தால் கையெழுத்துப் போடுவேன் என்றார். கார் ஓட்டியவர் எங்களோடு நெடுநாளாக வரும் தமிழ் அண்ணன்.

மூன்று மணிக்கு அழைத்தேன். திரையில் முதலில் எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் டின் வந்தது, பிறகு ஒரு காது, பிறகு முகம். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஃபோனை மேல் மூலையோட ஒட்டிப் பிடிங்க. ஆடக் கூடாது. பேசவும் வேணாம், பேசுனா கை ஆடுது. நான் சொல்ற வரைக்கும் இப்படியே நில்லுங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"தலையையும் ஆட்டாதீங்க."

நிறுத்திவிட்டார். கார் கிளம்பியது.

அவர் தோளுக்குப் பின்னால் அவருடைய அம்மாவும் சின்னம்மாவும் என் அம்மாவும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். திரை சின்னதாயிற்றே, மாப்பிள்ளையின் அம்மா நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரமாக வந்தார். ஆள் மறைத்ததும் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. "ஆன்ட்டி, ஜன்னலை மறைக்காதீங்க, தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க" என்று கத்தினேன். வருங்கால மாமியாரிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பின்னால் என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டது தெரிந்தது.

எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. சிக்னல் அளவை, அது எப்போதும் மைனஸில்தான் வரும், அவ்வப்போது காக்கிடம் மலாயில் உரக்கச் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். சின்னம்மா என்னிடம் வயது என்ன என்று கேட்ட நேரம் பார்த்து நான் "மைனஸ் எழுபத்தெட்டு" என்றேன். சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு "கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பரவால்ல" என்றேன். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. காக் மட்டும் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்துக்கப்புறம் இப்படிக் காடியில சுத்துற வேலையெல்லாம் வேணாம்மா. நம்ம வீட்டுக்குச் சரிப்படாது."

நான் திரையில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை, ஒரு முகச் சுளிப்பு இல்லை. கண் மட்டும் இரண்டு முறை சிமிட்டியது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

"அப்படின்னா எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம் ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க," என்றேன். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னேன். "ஆனா லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க. இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கு."

டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டு, "என்னா தங்கச்சி, இப்படிப் பேசிட்ட லா" என்றார். மாப்பிள்ளையின் அம்மாவும் சின்னம்மாவும் ஹாலுக்குப் போய்விட்டார்கள். என் அம்மா ஃபோனைப் பிடுங்க வந்தார்.

"போதும் தம்பி, இவ எங்க மானத்தை வாங்குனது போதும். இறங்குங்க, அதை இப்படிக் குடுங்க."

"அம்மா, தொட்டீன்னா திங்கக்கிழமையிலிருந்து எனக்கு டைப்பிங் வேலைதான்."

அம்மாவுக்கு அது மிரட்டலாகவே படவில்லை. மகள் ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும் என்பதுதானே அவருடைய ஆசை. கையை நீட்டினார். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் நுனிக்காலில் எழும்பி, ஃபோனை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கிவிட்டார். அம்மா இரண்டு முறை எக்கிப் பார்த்துவிட்டு, டீ ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே அவரும் ஹாலுக்குப் போனார்.

நான் வேண்டாம் என்று சொன்ன மனிதர் எனக்காக ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. அதற்குள் சூலியா தெரு வந்துவிட்டது.

பணம் மாற்றும் கடைகளைத் தாண்டி அந்த மூலையில் திரும்பினோம். லேப்டாப்பில் பழைய டவரின் அளவு மடமடவென்று இறங்கியது. புதிய டவர் பட்டியலின் அடியில் தலையைக் காட்டியது. காக் பேனாவை நிறுத்திவிட்டார். திரையில் மாப்பிள்ளையின் முகம் அப்படியே நின்றது. படம்தான் உறைந்துவிட்டதா, இல்லை அவர்தான் அசையாமல் நிற்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர்தான் எப்படியும் அசைவதில்லையே.

"பேசுங்க," என்றேன். "ஏதாவது பேசுங்க."

"இப்பப் பேசலாமா?"

குரல் அவ்வளவு தெளிவாக வந்தது. அழைப்பு மூலையைத் தாண்டிவிட்டது. நான் சீட்டில் துள்ளியதில் லேப்டாப் கீழே விழப் பார்த்தது, காக் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் ஏன் ஊமை மாதிரி நின்னீங்க?"

"நீங்கதானே பேசக் கூடாதுன்னீங்க."

"உங்க அம்மா என்னை வேலையை விடச் சொன்னப்பவுமா?"

"நான் சொல்ற வரைக்கும்னு சொன்னீங்க. ஃபேக்டரியில தூசியே படக் கூடாத கிளீன் ரூம்ல அப்படித்தான். அடுத்தவங்க வேலை நடக்கிறப்ப, சொல்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டோம்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை. என் வாயால் நானே கட்டிப்போட்டுவிட்டு, கட்டுண்டு கிடந்ததற்காக நானே அந்த மனிதரை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

"நான் வேலையை விடணும்னு உங்களுக்கும் எண்ணமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏன் அந்த எண்ணம்? அந்த மூலையில என்னா பிரச்சினை, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேக்கணும்னுதான் இவ்வளவு நேரமா நிக்கிறேன். அந்த மூலையாலதான் நீங்க வீட்டுல இல்லைன்னு தரகர் சொன்னதுலேருந்தே கேக்கணும்னு இருந்தேன்."

சொன்னேன். விட்டுப்போன டவர், பட்டியல், இரண்டு முறை தோற்றது, எல்லாம். என் வேலையைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டிலேயே யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் குறுக்குக் கேள்வி வேறு கேட்டார், அதில் ஒன்று நல்ல கேள்வி. நடுவில் கை வலிக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். இடது கைக்கு மாற்றும்போது மிளகாய்த்தூள் டின் விழுந்து, ஐந்து நிமிடம் தும்மல். தும்மும்போதும் ஃபோனை ஆட்டவில்லை. தலையைத் திருப்பித் திருப்பித் தும்மினார், கை மட்டும் ஜன்னலிலேயே இருந்தது. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. தெருவிலிருந்த கடைப் பலகைகள், திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்கள், வெயில் எல்லாமே எனக்கு வேண்டப்பட்டவையாகத் தோன்றின.

கிளம்பிய இடத்துக்குக் கார் வந்து சேர்ந்தது. காக் கையெழுத்துப் போட்டு, முடிந்தது, இனி அழைப்பைத் துண்டிக்கலாம் என்றார். அதை மாப்பிள்ளையிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய அம்மா சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"இன்னும் என்னாடா அங்க தொங்கிக்கிட்டு? வேணாம்னுதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாளே. இறங்கு, ஃபெரிக்கு நேரமாச்சு."

அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ போய் டீ குடிம்மா. அவங்க வேலையை முடிச்சிட்டு வரட்டும். அந்த வேலையை விடச் சொல்லி இனிமே கேக்காத. நான் இங்கயே நிக்கிறேன்."

காக்குக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனாலும் என் முழங்கையைத் தட்டி, ஃபோனைத் திங்கட்கிழமை கொடுத்தால் போதும், போ என்றார். லேப்டாப் வயரைப் பிடுங்கினேன். டிரைவர் அண்ணன் நான் சொல்வதற்கு முன்பே எங்கள் ஃப்ளாட் பக்கம் காரைத் திருப்பியிருந்தார்.

லிஃப்டுக்குள் போனால் சிக்னல் போய்விடும் என்று ஆறு மாடியும் படியிலேயே ஏறினேன், ஃபோனை வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு. வியர்வை வழிய, படம் சிதறினாலும் லைன் அறாமல், ஹாலைக் கடந்து சமையலறை வாசலில் போய் நின்றேன். அவர் ஸ்டூல் மேலேயே இருந்தார். இரண்டு ஃபோனும் ஒரே அறைக்குள் வந்ததும், இதில் கேட்டது அதில் போய், அதில் போனது இதில் திரும்பி வந்து, கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி வீட்டையே தூக்கியது. ஹாலில் இருந்த எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஃபோனை வைடி, வைடா என்று இரண்டு அம்மாக்களும் சேர்ந்து கத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வைக்கவில்லை.