கஞ்சிக்குள் வந்த தண்ணீர்

பீளமேட்டில் ஒரு மில்லில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுபடாமலிருக்கக் கஞ்சி காய்ச்சுவது அமிர்தராஜின் வேலை. இருநூறு கேலன் தண்ணீர், ஒன்றரை மூட்டை மரவள்ளி மாவு. தொட்டிக்குள் குழாய் வழியாக நீராவியை விட்டுக் கொதிக்க வைப்பார். ஆறு வருஷமாக யாரும் குறை சொன்னதில்லை.

1958-ல் நீராவி தரும் பாய்லரை மில்லின் மறுகோடிக்கு மாற்றினார்கள். அந்த மாதமே தறிகளில் நூல் அறுபட ஆரம்பித்தது. மேஸ்திரி வேங்கடசாமி வந்து கஞ்சியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஏப்பா, தண்ணியாட்ட இருக்குது. மாவு உன்ற ஊட்டுக்குப் போகுதா?”

அமிர்தராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளிலிருந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகையில் வாட்ச்மேன் சிக்கந்தர் கேட்டில் அவர் பையை மட்டும் திறந்து பார்த்தார்.

மாவு குறையவில்லை என்பது அமிர்தராஜுக்குத் தெரியும். அப்படியானால் தண்ணீர்தான் கூடியிருக்க வேண்டும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் விட்டு, கொதிக்கும் முன்பும் பின்பும் அளந்தார். மட்டம் ஒரு சாண் உயர்ந்திருந்தது. முன்பெல்லாம் மூன்று விரல்தான் ஏறும். தொட்டிச் சுவரில் பழைய கஞ்சிக் கறை அதைக் காட்டியது. நீண்ட குழாயில் வரும்போதே நீராவி பாதி குளிர்ந்து, தண்ணீராகவே உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

“மேஸ்திரி, ஆவியே தண்ணியா எறங்குதுங்க. அதே மாவு, தண்ணி மட்டும் கூடிப்போகுது.”

“புகை எங்கியாச்சும் தொட்டிய ரொப்புமா? எழுதியிருக்கற அளவுப்படி ஊத்து.”

அமிர்தராஜ் பொறுக்கமாட்டாமல் தாமாகவே நூற்றெழுபது கேலன் மட்டும் ஊற்றினார். கஞ்சி சரியான பதத்துக்கு வந்தது. நூல் அறுபடுவதும் நின்றது. வேங்கடசாமி தறிக்காரர்கள் முன்னால் சிரித்தார்.

“பாத்தீங்களா, பையச் சோதிச்ச ஒடனே கஞ்சி கெட்டியாயிருச்சு!”

கஞ்சியைச் சரியாகக் காய்ச்சியதே அமிர்தராஜின் திருட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. மறுநாள் காலை சிக்கந்தரைக் கையோடு அழைத்து வந்து, அவர் கண் முன்னால் மாவை நிறுத்துப் போட்டு, எழுதியிருந்தபடியே இருநூறு கேலன் ஊற்றினார். கஞ்சி மறுபடி நீர்த்தது. மத்தியானத்துக்குள் எல்லாத் தறிகளும் நின்றன. மேஸ்திரிக்கும் மேலான மாஸ்டர் பாலகோபாலே இறங்கி வந்தார்.

“மாவு முழுசா உழுந்துச்சுங்க, நானே நின்னு பாத்தனுங்க” என்றார் சிக்கந்தர்.

மாஸ்டர் குச்சியை வாங்கித் தாமே அளந்தார். சூடு வெளியேறாதபடி குழாய்க்குக் கயிறு சுற்றச் சொன்னார். தண்ணீர் அளவை எழுதியிருந்த அட்டையை மாற்றினார். வேங்கடசாமி அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கேட்டில் சிக்கந்தர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணா. சோதிக்கறத நிறுத்தச் சொல்லி ஆரும் இன்னும் சொல்லுலீங்க.”

சோதனையை நிறுத்தச் சொல்லும்படி அமிர்தராஜ் மாஸ்டரிடம் இரண்டு முறை போய்க் கேட்டார். “பாக்கறேன்” என்றார் மாஸ்டர். 1961-ல் மதுக்கரையில் வேறு வேலை கிடைத்துப் போகும்வரை, தினமும் அமிர்தராஜ் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்.