இடக்கையனுக்கு வெள்ளைப் பூ

என் கல்யாணம் இரண்டு குத்துச்சண்டைக்காரர்களால் நின்றுபோக இருந்தது. இருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கிடையாது. ஒருவன் சண்டையை விட்டு ஒதுங்கிய பிறகுதான் மற்றவன் பிறந்தே இருப்பான். ஆனாலும் இவனும் அவனும் மோதினால் யார் ஜெயிப்பான் என்பது எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் உயிர் போகிற கேள்வியாகிவிட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசி கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, சண்டைக்கு மட்டும் எங்கும் பஞ்சமில்லை.

முதலாமவன் என் அப்பாவின் ஆள். அப்பா வாலிபத்தில் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் அங்கே போவதுதான் வழக்கம். அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று தீராத இருமல், மற்றது இடக்கையன். இடக்கையன் அங்கே இயந்திரக் கொட்டகையில் வேலை பார்த்த ஒரு சட்டைக்காரன், அதாவது ஆங்கிலோ இந்தியன். துரைமார் கிளப்பில் நடக்கும் சண்டைகளில் இடது கையால் ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பானாம். கிளப்புக்குள் நம்மவர்களை விடமாட்டார்கள். அதனால் அப்பா வேலிக்கு வெளியே இருந்த புங்கமரத்தில் ஏறிப் பார்த்திருக்கிறார். பார்த்தது ஒரே ஒரு சண்டை. அதிலும் பாதியை இலை மறைத்துவிட்டது. மறைந்த அந்தப் பாதியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வருஷம் ஏற ஏற இடக்கையனின் பலமும் ஏறியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவன் ஒருவனை விழுத்தாட்டினான். எனக்கு மீசை முளைத்தபோது மூன்று பேரை. நான் கல்யாணத்துக்கு நின்றபோது அவனுடைய சமையல்காரனே நம் பாலக்கோட்டுக்காரன் என்றும், தினமும் கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் தின்றுதான் அந்தக் கை அப்படி ஆனது என்றும் அப்பா கண்டுபிடித்திருந்தார். துரை வீட்டுப் பிள்ளை களி தின்பானா என்று யாராவது கேட்டால், அன்றைக்கு அவருக்கு இருமல் அதிகமாகிவிடும்.

இரண்டாமவன் என் மாமனாரின் ஆள். மாமனாருக்கு மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூர்ப் பட்டாளத்துக்குக் கத்தரியும் பூசணியும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். அங்கே மைதானத்தில் சிப்பாய்களுக்குள் நடந்த குத்துச்சண்டையை லாரியின் மேல், பூசணி மூட்டைமீது நின்று பார்த்திருக்கிறார். அதில் ஜெயித்த ஒரு சிப்பாய்தான் பட்டாளத்தான். உலகத்தில் அவனை அடிக்கப் பிறந்தவன் கிடையாது என்பது அவர் முடிவு. ஒருவர் மரத்தின்மேல், இன்னொருவர் மூட்டைமேல். தரையில் நின்று பார்த்தவன் இப்படி அடித்துப் பேசமாட்டான்.

இந்த விவரமெல்லாம் தெரியாமல்தான் நாங்கள் பெண் பார்க்கப் போனோம். வெல்லக் காபி வந்தது. நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் கூடிவருகிற நேரத்தில் அப்பா அண்ணாந்து சுவரைப் பார்த்தார். முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில், பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம் ஒட்டியிருந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் இரண்டு முட்டியையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இது யாருங்க, உங்க பங்காளிங்களா?" என்று அப்பா கேட்டார்.

"பட்டாளத்தானுங்க. குத்துச்சண்டையில இவன அடிக்க இதுவரைக்கும் ஒருத்தன் பொறக்கலீங்க."

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "பொறந்துட்டானுங்க. பொறந்து, செத்தும் போயிட்டான்" என்றார்.

அவ்வளவுதான். பெண் பார்க்க வந்ததை இருவருமே மறந்துபோனார்கள். எந்த வயசு இடக்கையன், எந்த வயசு பட்டாளத்தான் என்று முதலில் தகராறு. இருவரையும் இருபத்தைந்து வயசில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. ரொட்டி தின்ற உடம்பா, களி தின்ற உடம்பா என்பது அடுத்தது. அதன் பிறகு இருவரும் எழுந்து நின்றுகொண்டார்கள். மாமனார் பட்டாளத்தானாகி வலது கையை வீசினார். அப்பா இடக்கையனாகிக் குனிந்து தப்பினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. இடக்கையன் விழுந்துவிட்டான் என்று மாமனார் கன்னடத்தில் எண்ண ஆரம்பித்தார். "ஒந்து, எரடு..." மூன்றாவது எண் வருவதற்குள் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்துவிட்டார்.

பெண் பார்க்கிற சடங்கில் மாப்பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு பார்வை. அதுவும் ஊரே அவன் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எனக்கு அன்றைக்கு யோகம். எல்லோரும் சண்டையைப் பார்த்தார்கள், நான் பெண்ணை ஆற அமரப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் கை வீச்சில் சிக்காமல் விளக்கை எடுத்து நகர்த்தி வைத்தாள். என் அப்பாவின் காலடியில் இருந்த டம்ளரை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். வைக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். ஆனால் என் தீர்மானத்தை அங்கே யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா பொருமினார். "கண்ணு தெரியாத ஆளு வூட்டுல எப்பிடிடா பொண்ணு எடுக்கறது?" அங்கே மாமனாரும் சும்மா இருக்கவில்லை. பொய் சொல்கிற குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்தால் பெண்ணுக்குச் சோறு போடுவார்களா என்று சந்தையில் கேட்டிருக்கிறார். சந்தை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காபி கிளப்பில் இடக்கையன் கட்சிக்கு ஒரு பெஞ்சு, பட்டாளத்தான் கட்சிக்கு ஒரு பெஞ்சு. இருவரில் ஒருவனைக்கூடக் கண்ணால் காணாதவர்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். கிளப் முதலாளி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் அம்மாவும் வருங்கால மாமியாரும் சொல்லியனுப்பிக்கொண்டு, மாரியம்மன் கோயிலில் பூக்கேட்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கம் பூக்கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார் பூசாரி. விவரம் தெரியாத ஒரு குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். கிணறு வெட்ட இடம் கேட்டிருக்கிறார்கள், காணாமல்போன எருமையைக் கேட்டிருக்கிறார்கள். அம்மன் எல்லோருக்கும் சலிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள்.

"வெள்ளைன்னா கல்யாணம் சரி, செவப்புன்னா வேண்டாம். ரெண்டு வூட்டுக்காரங்களும் மனசுல நெனச்சுக்கங்க" என்று பூசாரி உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பா மாமனார் பக்கம் சாய்ந்தார். "அம்மா முன்னால வந்தாச்சு. அந்த வழக்கையும் இதுலயே தீத்துக்கலாமுங்களா? வெள்ளை எங்க எடக்கையனுக்கு."

"அப்ப செவப்பு எங்காளுக்குங்க" என்றார் மாமனார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

பின்னால் நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. பெண்ணைப் பெற்ற மனுஷன், சிவப்பு வர வேண்டும் என்று, அதாவது தன் பெண்ணின் கல்யாணம் நடக்கக்கூடாது என்று, கண்ணை மூடிக் கைகூப்பி உருகிக்கொண்டிருந்தார். என் அப்பாவாவது தற்செயலாகச் சரியான பூவைக் கேட்டார். நான் மட்டும்தான் அங்கே கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் தன் அம்மாவோடு நின்ற அவள் உதடும் அசைந்தது.

மணி அடித்தது. பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

"அப்பிடிப் போடு!" மாமனார் தோள் துண்டை மேலே வீசினார். அது சூலத்தில் மாட்டிக்கொண்டது.

மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுக்கக் கையை நீட்டியபோதுதான் மாமனாருக்குத் தான் எதற்குக் குதித்தோம் என்று உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. "சாமி, அந்தப் பூ கல்யாணத்துக்கு இல்லீங்க. குத்துச்சண்டைக்குங்க" என்று பூசாரி காலில் விழப் போனார்.

பூசாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அருள் வந்துவிட்டது என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எவனோ எவனையோ குத்துனா அதுக்கு எங்கம்மா பூக்குடுக்கணுமா?" என்று கத்தித் தீர்த்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, கடைசியில் ஒரு வழி சொன்னார். கேள்வி கல்யாணத்துக்கு இல்லை, சண்டைக்குத்தான் என்று இரண்டு வீட்டுக்காரர்களும் கற்பூரத்தின்மேல் சத்தியம் செய்தால், கல்யாணத்துக்கு மறுபடி கேட்கலாம்.

மாமனார் ஓடிப்போய்ச் சத்தியம் செய்தார். அவருக்கென்ன, ஜெயித்த கட்சி. பிறகு எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா அசையவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தப் பூ கல்யாணத்துக்கு வந்தது என்று ஆகிவிடும், இடக்கையன் தோற்காமல் தப்பித்துவிடுவான். வாயைத் திறந்தால் எனக்குக் கல்யாணம், இடக்கையனுக்குத் தோல்வி. அதுவும் சாமி முன்னால், மாற்ற முடியாத தோல்வி. வெளியே இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் கோலாரில் பூமிக்கடியில் இருட்டில் கிடந்த காலத்தில் வெளிச்சத்தில் கண்ட ஒரே நல்ல காட்சி அந்த மரத்தின்மேல் இருந்து கண்டதுதான். அதை அவரிடமிருந்து பிடுங்குவது என் கல்யாணம்தான்.

"பொண்ணு உனக்குப் புடிச்சிருக்காடா?" என்று என்னைக் கேட்டார்.

"புடிச்சிருக்குங்கப்பா."

"நெசமாலும்?"

"நெசமாலும்."

அவர் போய்க் கற்பூரத்தின்மேல் கையை நீட்டினார். "பூ சண்டைக்கு வந்ததுங்க சாமி" என்றார். கொஞ்சம் இருமினார். பூசாரி விடவில்லை, முழுசாகச் சொல்லச் சொன்னார். "எடக்கையன் தோத்துட்டான்." கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. மாமனார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடி பொட்டலம் கட்டினார்கள், மறுபடி அந்தச் சின்னப் பெண் எடுத்தாள். வெள்ளை. மாமியார் அழுதுகொண்டே சிரித்தார். அப்பா முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது. "வெள்ளை எங்க..." என்று ஆரம்பித்தார்.

"அது கல்யாணத்துக்குங்க சம்பந்தி! கல்யாணத்துக்கு மட்டும்தானுங்க!" என்று மாமனார் அலறினார். மூன்றாவது தடவையும் கேட்கச் சொல்வார்களோ என்று பயந்து, பூசாரி பூத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அப்பா இடக்கையனைப் பற்றி வாயே திறக்கவில்லை. காபி கிளப்பில் வேண்டுமென்றே சீண்டுவார்கள். அவர் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிடுவார். அவர் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் அந்தக் கதை இல்லாமல் சாப்பாடுகூட இறங்கவில்லை.

ஒரு நாள் எனக்கும் என் மனைவிக்கும் பெரிய சண்டை. களி கட்டிதட்டியிருக்கிறது என்று நான் சொன்னதில் ஆரம்பித்து, இரண்டு வம்சத்தையும் இழுத்துப் பேசி, அவள் களித் துடுப்பைச் சுவரில் வீசி எறிவதில் வந்து நின்றது. மூலையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? பாத்தியாடா? அன்னிக்கு அம்மன் செவப்புக் குடுத்தது இதுக்குத்தான். கல்யாணத்துக்குத்தான் வேண்டாம்னா! எங்க ஆளு தோக்கவே இல்ல!"

அவளுக்குக் கோபம் பறந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது. "அப்ப நானு இந்த வூட்டுக்கு வந்தது தப்புங்களா மாமா?" என்று கேட்டாள்.

அப்பா கட்டிலை விட்டு எழுந்தார். சுவரில் ஒட்டியிருந்த களியைத் தோள் துண்டால் துடைத்தார்.

"நீ வந்தது சரிதாம்மா" என்றார். "அவன் தோத்ததுதான் தப்பு."