லவான் சொன்ன அடிக்கணக்கு

ஆரின் ட்வெட் யாகிமா நகரில் முப்பது வருடம் பல் டாக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, ஐம்பத்து நான்கு அடி மோட்டார் படகு ஒன்றை வாங்கி, மனைவி லவானோடு எங்கள் அனகோர்ட்டஸ் ஊர்ப் படகுத்துறைக்குக் குடிவந்தார். படகின் பெயர் மேரிகோல்ட். இரண்டு டீசல் எஞ்சின், இரண்டு படுக்கையறை. பதினாறு கோடைகள் அதில் கரையோரமாகவே அலாஸ்கா வரை போய் வந்தார்கள். எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டது நான்தான். சொந்தப் படகு எனக்குக் கிடையாது. அடுத்தவர் படகுகளில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டே வயதாகிவிட்டது.

திரும்பி வந்து படகைக் கட்டும்போதுதான் இங்கே கணவன் மனைவி சண்டை தொடங்கும். ஒருவர் உள்ளே சுக்கான் பிடிப்பார். அவருக்கு முன்முனை தெரியாது. மற்றவர் முன்னால் நின்று, படகு கட்டும் மர மேடைக்கு இன்னும் எத்தனை அடி என்று கத்துவார். ஊருக்கெல்லாம் கேட்கிறதே என்று ஜோடிகள் காதில் மாட்டிப் பேசும் கருவி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு இங்கே பெயர் ‘கல்யாணக் காப்பான்’. ட்வெட் தம்பதிக்கு அதுவும் உதவவில்லை. படகைக் கட்டியதும் ஆரின் இறங்கி வந்து எல்லார் முன்னாலும் ஆரம்பிப்பார்.

“அஞ்சடிங்கறா, பாத்தா பத்தடி இருக்கு! பல்லுல அரை மில்லிமீட்டர் தப்பினாலே எனக்குத் தூக்கம் வராது. இவளுக்கு அடி எது, கஜம் எதுன்னே தெரியாது.”

லவான் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, “படகு முட்டலையே, டாக்டர்?” என்பாள். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன மார்ச்சில் லவான் இறந்துபோனாள். அப்புறம் மேரிகோல்ட் அசையவே இல்லை. மனிதர் அதற்குள்ளேயே தனியாகக் கிடந்தார். கதவைத் தட்டினால், “வேலையா இருக்கேன்” என்பார். என்ன பெரிய வேலை? ஒரு தட்டும் ஒரு கோப்பையும் கழுவுகிற வேலை.

ஆனால் எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. வருடத்துக்கு ஒரு தடவையாவது படகு தன் எஞ்சினிலேயே வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் அதை நிறுத்தும் இடம், வரிசையில் காத்து நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். ஆரினுக்கோ வேறு வீடு இல்லை. கெடுவின் கடைசி நாளில் என்னிடம் வந்தார்.

“க்ளைட், முன்னாடி நிக்க ஒரு ஆள் வேணும்.”

“இதக் கேக்கறதுக்கா பத்து மாசம்?” என்றேன்.

லவானின் கருவியைக் கொடுத்தார். அவள் தலை அளவுக்கே இருந்தது. எனக்கு நெற்றியை இறுக்கியது.

போகிறபோது ஒன்றும் சிரமமில்லை. திரும்பும்போது, வழக்கம்போல அக்கம்பக்கத்தார் கயிற்றைப் பிடித்துக் கட்ட மேடையில் வந்து நின்றார்கள். நான் நேர்மையாகக் கணக்குச் சொன்னேன். இருபது. பத்து. வேகம் குறையவில்லை.

“டாக்டர், அஞ்சு! அஞ்சுதான் இருக்கு!”

அப்போதுதான் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டார். அவ்வளவு பெரிய படகு ஐந்தடியில் நிற்குமா? மேடைப் பலகை பிளந்தது. படகின் முன்முனையில் கையகல ஓட்டை. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

“அஞ்சுன்னியே,” என்றது காதில் அவர் குரல்.

“அஞ்சுதான் இருந்துச்சு, டாக்டர்.”

எஞ்சின்களை அணைத்தார். “அஞ்சுன்னு காதுல விழுந்தாத்தான் நான் பின்னுக்குப் போடுவேன், க்ளைட். பதினாறு வருஷமா அப்படித்தான்.” பிறகு மெதுவாக, “அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

இறங்கி வந்து, கூடி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: “லவானுக்கு நல்லாவே அளக்கத் தெரியும். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாது.” யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

படகு போய் வந்துவிட்டது, இடம் தப்பியது. மற்றவர்கள் கலைந்த பிறகு சமாதானமாகச் சொன்னேன்: “ஓட்டைய அடைச்சுடலாம். அடுத்த வருஷம் நானும் பத்தடியிலயே அஞ்சுன்னுடறேன், விடுங்க.”

“பிரயோஜனமில்ல,” என்றார் ஆரின். “நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

கருவிக்காகக் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.